அரை நிமிட அமைதியில் ஒரு தும்மல்

ஓய்வு பெற்றுப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக் கேக் வெட்டுவது எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். வெட்டி முடிந்ததும் புதிதாக வாங்கிய கருவிகளைக் காட்டுவார்கள். நீ போன பிறகு நாங்கள் எவ்வளவு முன்னேறிவிட்டோம் பார் என்று சொல்லாமல் சொல்வதுதான் அது. போன மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். என் கதிரையில் இப்போது இருக்கும் லேயா என்ற சுவிஸ் பெண் ஒரு திரையைத் திருப்பிக் காட்டினாள். மைக் பூட்டியவர் எந்த மொழியில் பேசினாலும் அது உடனே ஆங்கில எழுத்தாகி, இயக்குநரின் கையில் இருக்கும் திரைக்குப் போய்விடுமாம். "தமிழும் வரும், பேசிப் பாருங்கள்" என்றாள். "கேக் காய்ந்துபோயிருக்கிறது" என்றேன் தமிழில். அது அப்படியே ஆங்கிலத்தில் வந்து நின்றது. கேக் வாங்கிவந்த மனிதர் என் பக்கத்திலேயே நின்றார்.

அந்தச் சங்கடம் அடங்கியதும் லேயா கேட்டாள்: "நீங்கள் இடைவேளைகளில் மைக்கை நிறுத்திவிடுவீர்களாமே, ஏன்? எவ்வளவு நல்ல பேச்சு வீணாய்ப் போயிருக்கும்!" அந்தக் காய்ந்த கேக்கில் இன்னொரு துண்டை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன். துன் நகருக்குத் திரும்பும் ரயிலில்தான் புவனேஸ் அக்காவின் மாப்பேணி, அந்த அரிசிமா டின், நினைவுக்கு வந்தது.

நான் ஒலிப்பதிவாளராக வேலை செய்தவள். அகதியாக வந்து இறங்கியபோது டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். பிறகு வேலைவாய்ப்பு அலுவலகம் மூன்று பயிற்சிகளைச் சொல்லி ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னது: சலவை, முதியோர் பராமரிப்பு, ஒலிப்பதிவு. மூன்றாவதில் உட்கார்ந்தபடி வேலை செய்யலாம் என்று நம்பி அதைத் தெரிவு செய்தேன். அதன் பிறகு என் காலம் முழுவதும் நீண்ட கம்பின் நுனியில் மைக்கைக் கட்டித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.

எனக்குத் தொழில் பழக்கியவர் பேர்ண் நகரத்து பீலர் என்ற மனிதர். காலையில் தொடங்கும் வசனத்தைத் தேநீர் நேரத்தில் முடிப்பார். அவர் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: மைக் பூட்டிய ஆள் அறையை விட்டு வெளியே போனால், அந்த ஆளின் ஒலியை உடனே இறக்கிவிடு. ஒருமுறை ஒரு நகரசபைத் தலைவர் மைக்கோடு கழிப்பறைக்குப் போய்விட்டாராம். "அடுத்த தேர்தலில் அவர் வென்றாரா?" என்று கேட்டேன். "வென்றார். ஆனால் கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அமெரிக்கத் தொடர் வந்தது. டேனி என்ற நகைச்சுவைக்காரர் ஒவ்வொரு பகுதியிலும் அமெரிக்காவின் ஒரு வியாதியை எடுத்துக்கொள்வார். ஆஸ்பத்திரிச் செலவு, சிறைச்சாலை, தனிமை, துவக்குச் சூடு என்று அந்த நாட்டில் வியாதிக்குப் பஞ்சமில்லை. அது தீர்ந்துவிட்டதாகச் சொல்லப்படும் நாட்டுக்கு ஒரு பெரிய சிவப்புச் சூட்கேசை வெறுமையாகத் தூக்கிக்கொண்டு போய், "உங்களுடைய தீர்வை இதற்குள் போட்டுத் தாருங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்" என்று கேட்பார். சுவிஸில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்பது அமெரிக்கர்களின் நம்பிக்கை. ஆகவே அடிக்கடி இங்கே வந்தார்கள், உள்ளூர் ஒலிப்பதிவுக்கு என்னைப் பிடித்தார்கள்.

முதல் நாள் ஃப்ரிபூர்க்கில். பகுதியின் பொருள் தனிமை. சுவிஸ் அடுக்குமாடிகளில் எல்லோருக்கும் ஒரே சலவை அறை, ஆகவே அயலவர்கள் சந்தித்துக்கொண்டே இருப்பார்கள், தனிமைக்கு இடமில்லை என்று டேனி எங்கோ கேள்விப்பட்டிருந்தார். சூட்கேசோடு ஒரு சலவை அறையில் போய் இருந்துகொண்டு, துணி மடித்த ஒரு மாதுவிடம், "இந்த அறையால் உங்களுக்கு அயலவர்களோடு உறவு ஏற்பட்டதா?" என்று கேட்டார். அந்த அம்மா துவாயை உதறி, "ஏற்பட்டது. இந்த அறையால்தான் மூன்று வீட்டாரோடு பேச்சை விட்டேன்" என்றார். நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். நானும் அப்படி ஒரு சலவை அறையால் இரண்டு வீட்டாரை இழந்தவள்.

இயக்குநர் மெகன் என்னிடம் வந்தார். ஆறடி உயரம். எந்நேரமும் பச்சைக் கரட் கிழங்கைக் கடித்துக்கொண்டிருப்பார். இரண்டு அறை தள்ளி நின்று அவர் கடித்தாலும் என் ஹெட்ஃபோனில் மரம் முறிவதுபோல் கேட்கும். கடைசிவரை அதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவர் சிரித்து யாரும் கண்டதில்லை. ஏதாவது நன்றாக வந்தால் ஒரு விரலை உயர்த்துவார், அவ்வளவுதான். அன்றைக்கு, "உங்கள் சிரிப்பு நல்ல சிரிப்பு. ஆனால் மக்கள் கேட்கப்போவது அந்த அம்மாவின் குரலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து டேனி வாயைத் திறந்தால் நான் மனத்துக்குள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் அது என்னை அழவைத்த வாய்ப்பாடு. அதைச் சொல்லும்போது எப்படிப்பட்ட சிரிப்பும் வராது.

மெகனிடம் நான் மதித்த வழக்கம் ஒன்று உண்டு. படப்பிடிப்பு முடிந்த மாலையில் எங்களை இருத்தி, பதிவானதைப் போட்டுக் கேட்பார். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கேள்விகள். "இது வேடிக்கையா?" என்பது முதலாவது. இரத்தப் பரிசோதனை முடிவை வாசிக்கும் டாக்டர் மாதிரித்தான் கேட்பார். "இது நம்முடையதா?" என்பது இரண்டாவது. அப்படியென்றால், இதைச் சொன்னவர் நமக்கென்று தந்தாரா, அல்லது நாம் பொறுக்கிக்கொண்டோமா என்று அர்த்தம். டாவோஸில் டேனி ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவும் காட்சி எடுத்தோம். நான் முன்பு நின்ற அதே குசினி, அதே ஈரம். அங்கே கழுவிக்கொண்டிருந்த பெண் தலைமைச் சமையல்காரரைப் போல நடந்து காட்டி ஏதோ சொன்னாள், வயிறு நோகச் சிரித்தோம். மாலையில் மெகன், "வேடிக்கைதான். ஆனால் நம்முடையது இல்லை. அவளுக்கு வேலை போய்விடும்" என்று வெட்டிவிட்டார். அந்தத் தொட்டியடியில் நின்றவள் என்பதால் எனக்கு அவர்மேல் பெரிய அன்பு வந்தது.

துவக்குப் பகுதிக்கு அவர்கள் துன் நகருக்கு வந்தார்கள். சுவிஸில் இராணுவப் பயிற்சி முடித்த இளைஞர்கள் தங்கள் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கலாம். வீட்டுக்கு வீடு துவக்கு இருந்தும் அமெரிக்காபோல் ஏன் ஆகவில்லை என்பதுதான் டேனியின் கேள்வி. அதற்கு ஒரு குடும்பம் வேண்டும் என்றார் மெகன். நான் துன்னில் எனக்குத் தெரிந்த புவனேஸ் அக்காவைச் சொன்னேன். அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை, கணவர் ஹோட்டல் சமையல். ஒரே மகன் கஜன், இங்கேயே பிறந்தவன், மின்சாரத் தொழிலாளி, சுவிஸ் இராணுவச் சிப்பாய். போருக்குத் தப்பி ஓடிவந்த தாயின் அலுமாரிக்குள் மகனின் துவக்கு. மெகனின் விரல் உடனே உயர்ந்தது. இராணுவத்திடம் அனுமதி வாங்க அவர் பட்ட பாட்டில் எத்தனையோ கரட் முடிந்தது.

சனிக்கிழமை போனோம். அக்காவின் கணவர் ஹோட்டல் வேலைக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை கஜனுக்கு 'வேகா', அதாவது வருடாந்தப் பயிற்சி தொடங்குகிறது. அக்கா பட்டுச் சேலை உடுத்து, மேசை நிறைய றோல்ஸும் பற்றிஸும் வடையும் அடுக்கியிருந்தார். சாப்பிடாமல் எவரையும் எதையும் எடுக்க விடவில்லை. கமராக்காரரின் விரலெல்லாம் எண்ணெய். நான் அக்காவுக்கு மைக் பூட்டப் போனேன். தாலிக்கொடி தடித்தது, அசைந்தால் மைக்கில் இடித்தது.

"அக்கா, இந்தக் கொடியைக் கொஞ்ச நேரம் கழட்டி வைப்பமோ?"

"என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை? அமெரிக்காக்காரனுக்காகத் தாலி கழட்டுறதோ?"

"அப்ப காப்புகளை எண்டாலும்?"

"காப்புக் கழட்டலாம். ஒரு கையில மட்டும்."

கொடியைப் பிளாஸ்டர் போட்டுச் சட்டைக்குள் ஒட்டினேன். மைக்கின் பெட்டியை இடுப்பில் சொருகினேன். பேச்சு தொடங்கியது. கஜன்தான் தாய்க்கு மொழிபெயர்ப்பாளன்.

"வீட்டில் துவக்கு இருப்பது பயமாக இல்லையா?" என்றார் டேனி.

அக்கா நிமிர்ந்து இருந்தார். "துவக்குக்கு என்ன பயம், அது அலுமாரிக்குள்ள பேசாமக் கிடக்குது. இவன் ஓடுற மோட்டச்சைக்கிளுக்குத்தான் நான் நித்திரை கொள்ளுறேல்லை. போதாக்குறைக்கு, பொம்பிளை பாப்பம் எண்டால் பிறகு பிறகு எண்டுறான். அதையும் அவரிட்டைச் சொல்லு."

"இல்லையாம்" என்றான் கஜன் ஆங்கிலத்தில்.

மெகனின் விரல் உயர்ந்தது. நான் பதினாறாம் வாய்ப்பாட்டில் பாதி தூரம் போயிருந்தேன்.

அலுமாரியைத் திறந்தார்கள். கூறைச் சேலைக்கும் பூச்சி உருண்டைக்கும் நடுவில் துவக்கு சாய்ந்திருந்தது. அதன் பிடியில் காய்ந்த சந்தனப் பொட்டு. டேனி முழந்தாளிட்டு அதை உற்றுப் பார்த்தார். "சரஸ்வதி பூசைக்கு வைச்சது. தையல் மெசினுக்கும் வைச்சனான்" என்றார் அக்கா. இதைக் கஜன் வெட்கப்பட்டு மொழிபெயர்க்கவே மாட்டேன் என்றான். நான்தான் சொல்ல வேண்டி வந்தது.

பிறகு டேனி, "இதை வைத்துச் சுட முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றான் கஜன். துவக்கின் உள்ளே ஓடும் ஓர் இரும்புப் பகுதியை, வெர்ஷ்லுஸ் என்பார்கள், கழற்றி வேறிடத்தில் பூட்டி வைப்பது விதி. அது இல்லாவிட்டால் துவக்கு வெறும் கம்பி. "எடுத்து வருகிறேன்" என்று தன் அறைக்குப் போனான். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை.

"அம்மா, மேசை லாச்சிக்குள்ள இருந்த என்ர வெர்ஷ்லுஸைக் கண்டனீங்களோ?"

"உன்ர இரும்புகளை எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்.

கஜன் கட்டிலுக்குக் கீழே தேடினான், பைகளைக் கவிழ்த்தான். கமரா அவன் பின்னாலேயே ஓடியது. "திங்கள் இதோடு போய் நிற்க வேண்டும். தொலைந்தது என்றால் இராணுவம் விசாரிக்கும், தண்டனையும் வரலாம்" என்றபடி மெத்தையைப் புரட்டினான். டேனி பகிடி எதுவும் விடவில்லை, அவரும் குனிந்து தேடத் தொடங்கினார்.

பீலர் பழக்கியபடி அக்காவின் ஒலியை இறக்க என் கை போனது. விரல் தொடுவதற்குள் அக்காவின் குரல் காதுக்குள் வந்துவிட்டது. குசினிச் சுவரில் பிள்ளையார் படம் போட்ட கலண்டர் ஒன்று தொங்கும். அவரோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையாரே, அந்த மாப்பேணியை அவன் திறக்கக் கூடாது. திங்கக்கிழமை கழியுமட்டும் அது அதுக்குள்ளயே கிடக்கட்டும். அந்தச் சாமான் இல்லாட்டி அவனைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

ஒலியை இறக்கினேன். வாய்ப்பாடு எங்கே போனதென்றே தெரியவில்லை. என் முகம் மாறியதை மெகன் கண்டுவிட்டார். கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்.

"என்ன சொன்னார்?"

"கடவுளோடு பேசுகிறார்."

"வேடிக்கையா?"

"மிகவும்."

கரட் கடிக்கும் சத்தம் நின்றது. "நம்முடையதா?"

"இன்னும் இல்லை" என்றேன்.

அவர் அமெரிக்காவிலிருந்து ஆட்களையும் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு வந்த பெண். அந்த வீட்டில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான், அவர் நினைத்தால் என்னை அழுத்திக் கேட்டிருக்கலாம். "மைக்குக்குப் பற்றரி மாற்ற வேண்டும் இல்லையா?" என்று மட்டும் சொன்னார். மாற்றத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும்.

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, இந்த மைக் குசினிக்குள்ளயும் கேக்கும். நான் கேட்டிட்டன்."

அக்கா கலக்கிய கரண்டி கோப்பைக்குள் நின்றது. "ஆருக்குச் சொன்னனி?"

"ஒருத்தருக்கும் இல்லை. நிப்பாட்டிப்போட்டன்."

அக்கா அடுப்படியில் சாய்ந்தார். "என்ர தம்பியும் திங்கக்கிழமை வந்திடுவன் எண்டு சொல்லித்தான் ஊரிலை சண்டைக்கு வெளிக்கிட்டவன், பிள்ளை. எந்தத் திங்கள் எண்டு சொல்லேல்லை. அம்மா சாகுமட்டும் திங்களிலை அவனுக்கும் சேத்துத்தான் உலை வைச்சவ." பிறகு மாப்பேணியைப் பார்த்தார். "இவனை ஒரு தவணை எண்டாலும் நிப்பாட்டிப்போட்டால் காணும் எண்டு நினைச்சன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சொன்னேன்: "அவையள் திருப்பி அனுப்பமாட்டினம் அக்கா. துலைச்சதுக்கு விசாரிப்பினம். தண்டனையும் குடுப்பினம்."

"ஆருக்கு? எனக்கோ?"

"அவனுக்கு."

அக்காவுக்கு அது புதுச் செய்தி. முகத்தில் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே கஜன் எதையோ தள்ளி விழுத்திய சத்தம் கேட்டது. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினார்.

"வெளியில கமரா ஓடுது அக்கா. நிப்பாட்டச் சொல்லட்டோ?"

"ஓடட்டும். நான் களவு செய்யேல்லை. ஆனா நான் சொல்லுறதை அவன் முழுக்கச் சொல்லோணும். இல்லையாம் எண்டு சுருக்கக் கூடாது."

லேயாவுக்கு நான் அன்றைக்குச் சொல்லத் தவறிய பதில் இதுதான். அவளுடைய கருவி இருந்திருந்தால், அக்கா கரண்டியைக் கீழே வைப்பதற்குள் மாப்பேணிக் கதை மெகனின் கைத்திரைக்குப் போயிருக்கும். கமரா நேரே குசினிக்குள் ஓடி அக்காவைக் கள்ளியைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கும். அமெரிக்கா முழுவதும் சிரித்திருக்கும். அக்கா தானாக எடுத்துக்கொண்டு வருவதற்கு நேரம் இருந்திருக்காது.

அக்கா பேணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். வறுத்த அரிசிமாவுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, பிளாஸ்ரிக் பை ஒன்றை இழுத்தெடுத்தார். பை கிழிந்திருந்தது. வெர்ஷ்லுஸ் வெள்ளை வெளேரென்று புட்டுபோல் வந்தது.

"அம்மா!" என்று கத்தினான் கஜன். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. 

"கத்தாத. நான் சொல்லுறதை அவருக்குச் சொல்லு" என்றார் அக்கா.

தம்பியைப் பற்றிச் சொன்னார். கஜன் ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னான். மாமா ஒருவர் இல்லாமல் போனது அவனுக்குத் தெரியும், அந்தத் திங்கட்கிழமை தெரியாது. அந்த இடத்தில் அவன் நின்றுவிட்டான். "சொல்லு" என்றார் அக்கா. சொன்னான், எதையும் சுருக்கவில்லை. டேனி சூட்கேசைத் தன் காலடியிலிருந்து மெதுவாக அப்பால் தள்ளி வைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு எனக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. எந்தப் பேட்டிக்குப் பின்னும் அந்த அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்ய வேண்டும். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது தேவை. ஆட்கள் அசையவோ பேசவோ கூடாது. கேட்டேன், எல்லோரும் சிலையாக நின்றார்கள். கஜன் கையில் வெர்ஷ்லுஸ். மா மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. அவன் மூக்கு விடைத்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. பெரிய தும்மல்.

"நூறு" என்றார் அக்கா.

அடுத்த தும்மல்.

"இருநூறு."

மூன்றாவதும் வந்தது. "முந்நூறு" என்றார் அக்கா, எங்கேயோ பார்த்தபடி, கண்ணீர் ஓட ஓட. எங்கள் தாய்மாருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. பிள்ளை தும்மினால் வாய் தானாக ஆயுசு கொடுக்கும். நான் சிரித்துவிட்டேன். அழுதும்விட்டேன். பதிவு பாழ்.

"என்ன சொன்னார்?" என்றார் மெகன்.

"நூறு."

"என்ன நூறு?"

"வருடம். மகனுக்கு ஆயுசு கொடுக்கிறார்."

மெகன் விரலை உயர்த்தினார், பிறகு அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கஜனிடம், "இது நம்முடையதா என்று அம்மாவிடம் கேள்" என்றார். கஜன் கேட்டான்.

"போடட்டும்" என்றார் அக்கா. "என்ர குசினியை மட்டும் காட்ட வேண்டாம். இண்டைக்குக் கூட்டேல்லை."

அந்த அரை நிமிடம் தும்மலோடும் என் சிரிப்போடும் அப்படியே ஒளிபரப்பானது. டேனியின் சூட்கேசுக்குள் அக்கா ஒரு பை புட்டுமா வைத்தார். விமான நிலையத்தில் அந்த வெள்ளை மா என்ன என்று விளக்கிச் சொல்லியே டேனி களைத்துப்போனதாகப் பின்னர் அறிந்தேன்.

திங்கட்கிழமை மாலை அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். சிரிப்பில் பேச்சே வரவில்லை. கஜன் இரவிரவாகத் துடைத்தும் மா முழுதும் போகவில்லையாம். வரிசையில் நின்றபோது அதிகாரி வெர்ஷ்லுஸை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஊதிப் பார்த்திருக்கிறார். மா மூக்கில் ஏறி ஒரு தும்மல். வரிசையில் மற்றவர்கள் மூச்சும் விடாமல் நிற்க, எங்கள் கஜன் உரத்த குரலில் "நூறு" என்றிருக்கிறான். அது என்ன சொல் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். விளக்கியதும் நன்றி சொல்லிவிட்டு, திரும்பவும் போய் நன்றாகத் துடைத்துக்கொண்டு வா என்று அனுப்பினாராம்.

"நல்ல பிள்ளை வளத்தியள் அக்கா" என்று பகிடி பண்ணினேன். "துவக்கோட நிக்கிற ஒபிசருக்கோ நூறு குடுக்கிறது?"

அக்காவின் சிரிப்பு நின்றது.

"இருக்கட்டும் பிள்ளை. துவக்குத் தூக்கின எல்லாருக்கும் நூறு இருக்கட்டும். ஒருத்தரை ஒருத்தர் சுடாமல், பல்லு விழுந்து, பொல்லு ஊண்டிக் கிழவனாகிச் சாகட்டும்."